வேண்டுதல் அவருடையது, கால் என்னுடையது

நான் வேளாங்கண்ணிக்குப் போகவில்லை. இதை மூன்று நாளில் நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன். ஒருவரும் நம்பவில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஆவணி மாதத்தில், கடலூரிலிருந்து தெற்கே போகிற சாலையில், கழுத்தில் சிலுவை போட்ட ஒருத்தி முதுகில் பையோடு நடந்தால் வேறு எங்கே போவாள்? காவி உடுத்திக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் மாதா கோயிலுக்கு நடந்து போகிற நாட்கள் அவை. நான் போனது சிதம்பரத்துக்கு, என் தங்கை ஸ்டெல்லா வீட்டுக்கு.

பஸ்ஸில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம். நடந்துதான் போவேன் என்று நான் அடம் பிடித்ததற்கு இரண்டு காரணங்கள். இரண்டுமே கோபம்தான்.

முதல் கோபம் நாத்தனார் மேல். போன வருடம் எனக்கு மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஆறு முறை மருந்து ஏற்றினார்கள். மூன்றாவது முறை காய்ச்சல் கண்டு, இருப்பேனா போவேனா என்று கிடந்தபோது, என் வீட்டுக்காரரின் அக்கா ஜெயராணி அண்ணி வராந்தாவில் முட்டி போட்டு வேண்டிக்கொண்டார். "பிலோ பொழச்சா ஒன் கோயிலுக்கு நடந்தே வருவா தாயே." வருவேன் இல்லை, வருவா. வேண்டுதல் அவருடையது, கால் என்னுடையது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள் நான். எந்தப் பிள்ளையையும் முடியுமா என்று கேட்காமல் ஓட விட்டதில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

பங்குச் சாமியாரிடம் போய் நியாயம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வேண்டிக்கிட்டவங்களத்தான் அது கட்டும் டீச்சர், அடுத்தவங்கள இல்ல" என்றார். அதை அப்படியே அண்ணியிடம் வந்து சொன்னேன். "அவருக்கு என்னா தெரியும்" என்று சொல்லிவிட்டு அண்ணி கீரை ஆயப் போய்விட்டார். எங்கள் வீட்டில் சாமியாருக்கு மேலே ஒருவர் உண்டென்றால் அது அவர்தான்.

கால் என்று சொன்னேன் அல்லவா, அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. மருந்து என் தலைமுடியோடு பாதத்து உணர்ச்சியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. முடி பையன்கள் கிராப் மாதிரி வளர்ந்துவிட்டது. பாதம் மட்டும் இன்னும் பஞ்சு கட்டிவைத்த மாதிரி மரத்துக் கிடக்கிறது. நரம்பு வளர்ந்தால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், செருப்பில்லாமல் மட்டும் தரையில் கால் வைக்காதீர்கள் என்றார் டாக்டர். முள் குத்தினால்கூடத் தெரியாது. அந்தக் கால்களைத்தான் அண்ணி மாதாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

இரண்டாவது கோபம் ஸ்டெல்லா மேல். எனக்கு இருப்பது ஒரே தங்கை. நடராஜர் கோயில் வீதியில் இருக்கும் ஒரு வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று அப்பா பத்து வருடம் அவளோடு பேசாமல் இருந்தபோது, ஒளித்து ஒளித்துப் போய் வந்தவள் நான் ஒருத்திதான். அவள் பிரசவத்துக்கு நான் போனேன். என் ஆறு ஊசிக்கு அவள் ஒருமுறைகூட வரவில்லை. மாமியார் படுத்த படுக்கை, விட்டுவிட்டு வர முடியவில்லை என்றாள். எனக்கு மனது ஆறவில்லை. அவள் வாசலில் போய் நின்று, பார், செத்துப்போகாமல் என் காலால் நடந்தே வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்காக நான்கு மாதம் தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலையில் தினமும் நடந்து பழகினேன்.

அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததும் பக்தியால் அல்ல. அப்போதுதான் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் இருக்கும், நடக்கிறவளைக் கண்டால் லாரிக்காரன்கூட ஒதுங்கிப் போவான்.

முதல் நாள் விடிந்ததும் முதுநகர் கோயில் வாசலில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தேன். பழக்கதோஷம். கோடு இல்லாமல் எனக்கு எதுவும் தொடங்காது. அண்ணி கையில் ஒரு புதுக் காவிப் புடவையோடு வந்து நின்றார். "இதக் கட்டிக்கிட்டுப் போனா என்னா கொறஞ்சிபூடுவ?" என்றார். நான் ஸ்கூல் டிராக் பேண்ட்டும் மேலே ஒரு குர்தாவும் போட்டிருந்தேன். "தங்கச்சி வூட்டுக்குப் போறவளுக்கு எதுக்கு அண்ணி காவி?" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் என் வீட்டுக்காரர் சவரி ஸ்கூட்டரில் வந்தார். சாயங்காலம் எங்கே நிற்கிறேனோ அங்கே ஒரு கோடு போட்டுவிட்டு, அவரோடு வண்டியில் வீட்டுக்கு வந்து தூங்கி, மறுநாள் அதே கோட்டிலிருந்து தொடங்குவது என்று ஏற்பாடு.

ஸ்கூட்டரை நடக்கிற வேகத்தில் ஓட்டுவது லேசான காரியமில்லை. அது இருமியது, நின்றது, மறுபடி கிளம்பியது. சிப்காட் பக்கம் வந்ததும் சவரி முன்னால் போய்க் காட்டினார். இருபத்தெட்டு வருடம் ஷிப்ட் பார்த்த இடம். "இந்த கேட்டுல டீ நல்லா இருக்கும்" என்றார், ஏதோ கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக்காட்டுகிற மாதிரி. அவர் சொன்னது சரிதான். டீயும் சூடான மசால்வடையும் நன்றாகவே இருந்தன. நாக்கில் ருசி திரும்பி இரண்டு மாதம்தான் ஆகியிருந்ததால் நான் மூன்று வடை தின்றேன்.

பாதம் தெரியாதவள் தரையைப் பார்த்தபடியே நடக்க வேண்டும். கால் எங்கே விழுகிறது என்பதைக் கண்தான் சொல்லும். இதனால் ஒரு லாபம் உண்டு, மற்றவர்கள் தாண்டிப் போவதெல்லாம் எனக்குத் தெரிந்தது. சாலை ஓரத்தில் ராத்திரி மழைக்கு முளைத்த சின்னக் காளான்கள், தார் மேல் அவசரமாகக் குறுக்கே போன ஒரு மரவட்டை, திட்டுத் திட்டாகத் தொட்டாற்சிணுங்கி. ஷூ நுனியால் ஒன்றைத் தொட்டேன். இலையெல்லாம் மூடிக்கொண்டது. அந்தச் செடிக்கு இருக்கிற உணர்ச்சி என் காலுக்கு இல்லையே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. நின்று நாலைந்து செடிகளைத் தொட்டு மூடவைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

செம்மங்குப்பத்தில் ஒரு பந்தல். நெற்றியில் பெரிய குங்குமம் வைத்த அம்மா ஒருத்தி என்னை மறித்து உட்காரவைத்து மோர் கொடுத்தார். கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப்போட்ட மோர்.

"நல்லா குடிங்க. மாதாகிட்ட எங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க."

"நான் சிதம்பரம் போறேம்மா. தங்கச்சி வூட்டுக்கு."

"சரி சரி. தங்கச்சி வூட்ல ரெஸ்ட் எடுத்துட்டு அப்பறமா போவீங்க" என்று இன்னொரு டம்ளர் ஊற்றினார். அந்த மோருக்கு முன்னால் சண்டை போட எனக்கு வாய் வரவில்லை.

அன்று ஆலப்பாக்கம் தாண்டி ஒரு மதகில் கோடு போட்டுவிட்டு வீடு திரும்பினோம். அண்ணி வெந்நீர் வைத்திருந்தார். என் பாதங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்காவது கொப்புளம் இருக்கிறதா என்று. எனக்குத் தெரியாது என்பதால் ஆஸ்பத்திரி நாளிலிருந்து இதை அவர்தான் செய்கிறார். பார்த்து முடித்துவிட்டு, "வண்டியில வூட்டுக்கு வந்து வந்து போனா நடந்ததா ஆகாது" என்றார். "நான் வேண்டுதலுக்கு நடக்கல அண்ணி" என்றேன். இருவரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். சுறாப் புட்டு செய்திருந்தார். மறுசோறு கேட்கக் கௌரவம் தடுத்தது, ஆனாலும் கேட்டேன்.

இரண்டாம் நாள் புதுச்சத்திரத்துக்கு முன்னால் ஸ்கூட்டர் பஞ்சர். கண்ணுக்கெட்டிய தூரம் நாற்றங்காலும் எறால் குட்டையும் பனை மரங்களும்தான். எனக்குப் பாதுகாப்பாக வந்தவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு எனக்குப் பின்னால் மூச்சு வாங்க நடந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. "கால மடக்காம வைங்க, மூக்கால மூச்சு இழுங்க" என்று டீச்சராகிவிட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவர், "ஆஸ்பத்திரியில டிராலிக்குப் பின்னாடியே நடந்தேன் பிலோ. அதுக்கு இது எவ்வளவோ தேவல" என்றார். முப்பத்தோரு வருடத்தில் இவ்வளவு நீளமாக அவர் பேசிக் கேட்டது குறைவு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருவரும் சாலையிலேயே அழுதுகொண்டு நின்றிருப்போம். வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து நானும் தள்ளினேன்.

பஞ்சர் கடை பாய் தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கிக்கொண்டே, "வேண்டுதலா சிஸ்டர்?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஷுகரா?" என்றார். இந்த நாட்டில் ஒரு பெண் நடப்பதற்கு இந்த இரண்டைத் தவிர வேறு காரணம் கிடையாது போலிருக்கிறது. "கோவம் பாய்" என்றேன். அவர் தலையாட்டினார். "அது ஜாஸ்தி தூரம் இழுத்துக்கிட்டுப் போவும்" என்றார்.

வண்டி தயாராகும் வரை பக்கத்துப் பெட்ரோல் பங்கில் பாத்ரூம் போய் வந்தேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்தால் சவரி உள்ளங்கையில் எதையோ வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தபடி நிற்கிறார். வெள்ளித் தகட்டில் செய்த ஒரு சின்னக் கால். முழங்காலிலிருந்து பாதம் வரை, விரல்கள்கூடத் தனித்தனியாக. உடம்பில் எது நோகிறதோ அதைத் தகட்டில் செய்து மாதாவுக்குக் காணிக்கை போடுவது எங்கள் வழக்கம்.

"யாருதுங்க இது?"

"ஒரு பொண்ணு. நீ நடந்து வர்றத வழியில பாத்தாளாம். புருஷன் பைக்ல இருந்து உழுந்து காலு முறிஞ்சி மூணு மாசமா படுத்திருக்காராம். அவளுக்கு எறால் பண்ணையில வேல, லீவு கெடையாதாம். நடந்து போறவங்க கையில குடுத்து உட்டாத்தான் பலிக்கும்னு குடுத்துட்டா."

"நாம போகலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். பஸ்ஸு வந்துடுச்சி, ஏறிட்டா."

பேர்? தெரியாது. ஊர்? கேட்கவில்லை. பஸ் போன திசையில் கொஞ்ச தூரம் வேகமாக நடந்து பார்த்தேன். பஸ்ஸை நடந்து பிடித்தவர் யார்? அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் காவி கட்டிய கூட்டம் ஒன்றைக் கண்டதும், அவர்களிடம் கொடுத்துவிடலாம் என்று போனேன். முன்னால் சிலுவை தூக்கிவந்தவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "உங்க கைக்கு வந்தத நாங்க வாங்கக் கூடாதுங்க. நீங்கதான் கொண்டாந்து போடணும்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை அண்ணிக்கு முன்னால் மேசை மேல் வைத்தேன். "நீங்க யாரையாச்சும் புடிச்சிக் குடுத்து விடுங்க" என்றேன். அண்ணி அதை எடுத்து வெகு நேரம் பார்த்தார். "பாவம், எவ பெத்த புள்ளயோ" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால்தான் நான் பயப்பட வேண்டும். அது எனக்கு அப்போது மறந்துவிட்டது.

மூன்றாம் நாள் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது வாயில் போட மிட்டாய் தேடிப் பையில் கை விட்டால், மஞ்சள் கைக்குட்டையில் சுற்றிய அந்தக் கால். பாலத்தின் நடுவில் நின்றேன். கீழே ஆறு அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. தூக்கிப் போட்டுவிட ஒரு நிமிடம் ஆகாது. போடவில்லை. அந்தப் பெண் பஸ்ஸில் உட்கார்ந்து, வேலை முடிந்தது என்று பெருமூச்சு விட்டிருப்பாள் அல்லவா? பையிலேயே வைத்து மூடினேன். நான் வேளாங்கண்ணிக்குப் போகவில்லை என்று ஆற்றைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்டெல்லா வீட்டு வாசலில் நின்றேன். அவள் வீதி எனக்கு எப்போதும் அதிசயம்தான். எங்கள் முதுநகரில் காற்றே மீன் வாசத்தோடு வரும். இங்கே நெய்யும் திருநீறும். நெற்றியில் விபூதிக் கீற்றோடு ஸ்டெல்லா ஓடிவந்தாள். மூன்று நாள் ஒத்திகை பார்த்த வசனத்தை நான் எடுப்பதற்குள் அவள் குனிந்து என் ஷூவைப் பார்த்தாள். "கால்ல எங்கனா அடிபட்டுச்சா? உள்ள வா, கழட்டு" என்றாள். என் கால் மரத்துப்போன விஷயத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

கத்தரிக்காய் கொத்சும் சம்பா சாதமும் பரிமாறினாள். அந்தக் கொத்சு வேறு எந்த ஊரிலும் இந்த ருசிக்கு வராது. முறைத்துக்கொண்டே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். உள் அறையிலிருந்து மாமியார் கூப்பிடும் போதெல்லாம் ஸ்டெல்லா எழுந்து போனாள், திருப்பிப் படுக்கவைத்தாள், கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் நான்கு முறை போனாள். நான் எண்ணினேன்.

அவள் ஐந்தாவது முறை போனபோது, கல்லூரியில் படிக்கிற அவள் மகள் யாழினியிடம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன். "நான் சாகக் கெடந்தப்ப உங்கம்மா ஒரு தடவ வந்து எட்டிப் பாக்கல."

யாழினி என்னை விநோதமாகப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியாதா பெரியம்மா? ஒங்களுக்கு ஊசி ஏத்துற அன்னிக்கெல்லாம் அம்மாவுக்கு ஒரு போன் வரும். பாட்டிய என்கிட்ட உட்டுட்டு செருப்பு கூட போடாம கெளம்பிடும். நாலு தேர் வீதியும் சுத்திச் சுத்தி வரும். இன்னொரு போன் வந்து, முடிஞ்சிச்சின்னு சொன்னாத்தான் வூட்டுக்கு வரும். ஒரு தடவ அஞ்சு மணி நேரம். நல்ல வெயிலு. கால் பூரா கொப்புளம்."

"யார் போன்?"

"ஒங்க நாத்தனாரு. ஜெயராணி அத்தை. அவுங்கதான் ஆறு தடவையும் பேசுனாங்க."

நான் கையைக் கழுவ மறந்து உட்கார்ந்திருந்தேன். தாலி கட்டிக்கொண்டு போனவள் இனி இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று அப்பாவுக்கு ஒத்து ஊதியவர் ஜெயராணி அண்ணி. அந்த அண்ணி ஒரு கையில் என் வாந்தி வாளியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, சிதம்பரத்துக்குச் செய்தி சொல்லியிருக்கிறார். ஸ்டெல்லா திரும்பி வந்ததும், "ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன். "சொன்னா, உன்ன யாரு நடக்கச் சொன்னாங்கன்னு கத்துவ" என்றாள். நிஜம். கத்தியிருப்பேன். என் காலைக் கேட்காமல் எழுதிக்கொடுத்தார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேனே, எனக்காக இவள் தேய்த்த காலை நான் கேட்டதே இல்லை. வாசலில் சொல்ல வைத்திருந்த வசனத்தை அப்படியே விழுங்கிவிட்டேன்.

நான்காம் நாள் மாமியாரைப் பார்த்துக்கொள்ள யாழினியை வைத்துவிட்டு, நானும் ஸ்டெல்லாவும் சவரியும் பிச்சாவரம் போனோம். கிள்ளை பஸ் நடுவழியில் நின்றது. டிரைவர் இறங்கிப் போய் நிதானமாக நுங்கு வாங்கிக்கொண்டு வந்தார். யாரும் கோபப்படவில்லை, நான்கூட. படகில் போகும்போது தண்ணீருக்கு மேல் சுரபுன்னை மரங்களின் வேர்கள் இரண்டு பக்கமும் பின்னிக்கொண்டு நின்றன. உப்புத் தண்ணீரில் மரம் இருக்கக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்க மறுத்து நிற்கிற மாதிரி இருந்தன. எனக்கு அவற்றை ரொம்பப் பிடித்துவிட்டது.

திரும்பி வந்ததும் மீனவர் படகு கட்டுகிற ஒரு சேற்றுக் கரைக்கு நடந்தோம். சேற்றிலிருந்து விரல் விரலாக வேர் நீட்டிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் காற்றில்லாததால் இந்த மரங்கள் இப்படி வேரை வெளியே நீட்டித்தான் மூச்சு விடுமாம். நான் ஷூவைக் கழற்றினேன். "டாக்டரு கூடாதுன்னாரு பிலோ" என்றார் சவரி. "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினாள்.

சேறு கணுக்கால் வரை ஏறியது. குளிர்ச்சி கணுக்காலில் தெரிந்தது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பத்து அடி வைத்தேன். பதினோராவது அடியில் இடது கட்டை விரலில் ஏதோ இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. தூரத்து அறையில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. காலைத் தூக்கினால் இல்லை. மறுபடி வைத்தால், அதே வேர் முனை, அதே தட்டல். ஒரு விரல்தான், அதுவும் ஒரு கால்தான். நான் அங்கேயே நின்று அதை ஏழெட்டு முறை மிதித்தேன். அதிசயம் என்று சொல்லமாட்டேன், நரம்பு வளர நாளாகும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். ஆனால் சந்தோஷமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிற அளவுக்குச் சந்தோஷம்.

கரையேறியதும் ஸ்டெல்லா என்னை ஒரு கவிழ்த்த படகின் மேல் உட்காரவைத்து, முந்தானையால் சேற்றைத் துடைத்து, கீறல் இருக்கிறதா என்று பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அண்ணி பார்ப்பது போலவே பார்த்தாள். எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் போனில் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நான் பிழைத்தது இவர்களால். மருந்தும் மாதாவும் நடராஜரும் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. வாளி பிடித்தவர், வீதி சுற்றியவள், டிராலிக்குப் பின்னால் நடந்தவர், இந்த மூன்று பேருக்கும்தான் நான் நன்றி சொல்லியாக வேண்டும். பையைத் திறந்து மஞ்சள் கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, வேண்டிக்கிட்டது நீங்க. நடக்க வேண்டியதும் நீங்கதான். இதுல நான் மாறமாட்டேன்."

"எனக்கு முட்டி தேஞ்சிடுச்சின்னு தெரியாதா ஒனக்கு?"

"எனக்குப் பாதம் இல்ல, ஒங்களுக்கு முட்டி இல்ல. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு தேறும். ஒரு நாளைக்கி எவ்வளவு முடியுதோ அவ்வளவு. அந்தக் காவிப் புடவைய நீங்க கட்டுங்க. நான் கூட வரேன். நாளைக்கி இவுரு வந்து ஒங்கள வண்டியில சிதம்பரத்துக்கு இட்டாருவாரு. என் கோடு ஸ்டெல்லா வாசல்லதான் இருக்கு, அங்கேருந்து கெளம்பலாம்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாதி வழி வண்டியில வந்து ஏறிக்கிட்டா நடந்ததா ஆகாது பிலோ. கடலூர்லேருந்துதான் கெளம்பணும்."

சவரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். "திரும்ப மொதல்லேருந்தா?" என்று அவர் அந்தப் படகிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

"ஆமா, மொதல்லேருந்துதான். ஆனா ஒண்ணு. வழியில யாராச்சும் கேட்டா சரியாச் சொல்லுங்க. நான் வேளாங்கண்ணிக்குப் போகல. அண்ணி போறாங்க, நான் அவுங்க கூடப் போறேன்."